பட்டாசின் ஒலி அலைகளும் ஒளி அலைகளும்

பட்டாசின் ஒலி அலைகளும் ஒளி அலைகளும் என்பது, பட்டாசு வெடிக்கும்போதும் எரியும்போதும் வெளிப்படும் ஒலி, ஒளி, வெப்பம் ஆகியவற்றின் பண்புகளையும் பயன்களையும் தீங்குகளையும் இயற்பியல் நோக்கில் ஆராயும் பொருளாகும். இவற்றுள் ஒலி என்பது காற்று போன்ற ஊடகத்தின் வழியே பரவும் இயந்திர அலை ஆகும். ஒளியும் வெப்பக் கதிரும் ஊடகம் இன்றியும் பரவக்கூடிய மின்காந்த அலைகள் ஆகும். ஒரே பட்டாசில் இருந்து ஒரே நேரத்தில் இவ்விரு வகை அலைகளும் புறப்படுவதால், இவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை அறிந்துகொள்வதற்குப் பட்டாசு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசியும் அதனைச் சூழ்ந்த சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களும் இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும் பகுதியைத் தருகின்றன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும், அவற்றிற்கு மேலட்டை அச்சிடும் தேவையால் அச்சுத் தொழிலும் இங்கு வளர்ந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. இலட்சக்கணக்கானோர் நேரடியாகவும் மறைமுகமாகவும் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர்.

இப்பகுதி மழை குறைந்த கரிசல் நிலமாகும். காற்றில் ஈரப்பதம் குறைவாக இருப்பதால் வெடிமருந்தும் தாளும் விரைவில் உலர்கின்றன. வானம் பார்த்த வேளாண்மை கைகொடுக்காத இடத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும் அதே வறண்ட காற்றுதான் நிலைமின்னூட்டம் சேர்வதற்கும் ஏதுவாகின்றது. இது பற்றிக் கீழே காண்க.

இதே மாவட்டத்தின் காரியாபட்டி வட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு என்னும் பேரூராட்சி போன்ற ஊர்களில் இவ்வலைகளின் பண்புகள் பலவற்றையும் கருவி எதுவும் இன்றிக் கண்ணாலும் காதாலும் உணர இயலும். சுற்றிலும் உயரமான மலைகள் இல்லாத சமவெளி ஆதலால் தொலைவில் எழும் வாணவெடியின் ஒளியைத் தடையின்றிக் காணலாம். அதன் ஒலி பிந்தி வருவதையும் கேட்கலாம்.

இரு வகை அலைகள்

ஒலி அலைக்கும் மின்காந்த அலைக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடுகள் பின்வருமாறு:

* ஊடகம்: ஒலி பரவக் காற்று, நீர், திண்மம் ஆகியவற்றுள் ஒன்று தேவை. வெற்றிடத்தில் ஒலி பரவாது. மின்காந்த அலைகள் வெற்றிடத்திலும் பரவும். ஞாயிற்றின் ஒளி நம்மை வந்தடைவது இதனாலேயே ஆகும்.
* அதிர்வின் திசை: காற்றில் ஒலி நெட்டலை ஆகும். அதாவது காற்றுத் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. மின்காந்த அலை குறுக்கலை ஆகும். அதன் மின்புலமும் காந்தப்புலமும் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கின்றன.
* வேகம்: காற்றில் ஒலியின் வேகம் 0 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது இது நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எனவே 30 பாகை வெப்பம் உள்ள நாளில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். காற்றிலும் இது ஏறத்தாழ இதே அளவினதே.
* அலைநீளம்: மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிகளைக் கேட்கும். இவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 17 மீட்டர் முதல் 17 மில்லிமீட்டர் வரை அமைகின்றது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை மட்டுமே. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும்.

அலைநீளத்தில் உள்ள இவ்வேறுபாட்டால் மற்றொரு விளைவும் உண்டு. தன் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள தடையை அல்லது திறப்பை எதிர்கொள்ளும் அலை வளைந்து செல்லும். இது விளிம்பு வளைவு எனப்படும். 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர், அதாவது ஒரு கதவின் அகலம். எனவே ஒலி கதவையும் சுவர் மூலையையும் சுற்றி வளைந்து வீட்டுக்குள் புகுகின்றது. ஒளி அவ்வாறு வளைவதில்லை. அடுத்த தெருவில் வெடிக்கும் வெடியை நாம் காணாவிட்டாலும் கேட்பது இதனாலாகும்.

வேக வேறுபாடும் தொலைவை அறிதலும்

ஒரு வெடிப்பின் ஒளி, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்போரை அதே கணத்தில் வந்தடைந்து விடுகின்றது என்று கொள்ளலாம். ஒலி மெதுவாக வருகின்றது. எனவே ஒளியைக் கண்டதில் இருந்து ஒலியைக் கேட்கும் வரை நொடிகளை எண்ணி, அதனை 3ஆல் வகுத்தால் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். காட்டாக, 6 நொடிகள் கழித்து ஒலி கேட்டால் வெடித்த இடம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். மின்னலுக்கும் இடிக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நூறு மீட்டர் உயரத்தில் மலரும் வாணவெடியின் ஒலி, நேர் கீழே நிற்பவருக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பிந்திக் கேட்கும். கூர்ந்து கவனிப்போர் இதனை உணரலாம்.

ஒலி தோன்றும் விதம்

ஓசை வெடிகளில் பொதுவாக அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைத்திரேட்டு ஆகியவை கலந்த மருந்து பயன்படுத்தப்படுகின்றது. வெடியுப்பு உயிர்வளியைத் தருகின்றது. கந்தகமும் அலுமினியமும் எரிபொருள்களாகின்றன. இறுக்கமாகச் சுற்றிய தாள் உறைக்குள் இம்மருந்து எரியும்போது, மிகக் குறுகிய நேரத்தில் உயர்வெப்ப வளிமங்கள் உண்டாகி உறையைக் கிழித்து வெளியேறுகின்றன. இவை சுற்றியுள்ள காற்றைத் திடீரென அழுத்துகின்றன. அவ்வழுத்தமே வெடியோசையாகப் பரவுகின்றது. உறை இல்லாமல் அதே மருந்தைத் திறந்த வெளியில் சிறிதளவு எரித்தால் ஒளி மிகுதியாகவும் ஓசை குறைவாகவும் இருக்கும்.

டெசிபல் அளவு

ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. இது மடக்கை அளவு ஆகும். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகின்றது. 20 டெசிபல் கூடினால் 100 மடங்காகின்றது. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் எனக் கொள்ளப்படுகின்றது. எனவே 120 டெசிபல் என்பது உரையாடலைப் போல் இரு மடங்கு ஒலி அன்று. செறிவில் அது பத்து இலட்சம் மடங்கு ஆகும்.

அழுத்தத்தைக் கொண்டு பார்த்தால், 145 டெசிபல் உச்ச அளவுள்ள வெடியோசை காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 356 பாஸ்கல் மாற்றத்தை உண்டாக்குகின்றது. இது வளிமண்டல அழுத்தத்தில் 0.4 விழுக்காட்டிற்கும் குறைவு. இவ்வளவு சிறிய மாற்றமே காதைச் சேதப்படுத்தப் போதுமானது என்பது, காது எத்துணை நுட்பமான உறுப்பு என்பதைக் காட்டுகின்றது.

தொலைவின் விளைவு

திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுவதால், தொலைவு இரு மடங்காகும்போது ஒலியளவு 6 டெசிபல் குறைகின்றது. 4 மீட்டர் தொலைவில் 145 டெசிபல் உச்ச அளவு தரும் வெடி ஒன்றைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம்:

* 1 மீட்டரில்: 157 டெசிபல்
* 2 மீட்டரில்: 151 டெசிபல்
* 4 மீட்டரில்: 145 டெசிபல்
* 8 மீட்டரில்: 139 டெசிபல்
* 16 மீட்டரில்: 133 டெசிபல்
* 32 மீட்டரில்: 127 டெசிபல்
* 64 மீட்டரில்: 121 டெசிபல்

உலக சுகாதார அமைப்பு 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலின்படி, திடீர் ஓசையின் உச்ச அளவு பெரியவர்களின் காதருகே 140 டெசிபலையும் குழந்தைகளின் காதருகே 120 டெசிபலையும் தாண்டக் கூடாது. மேற்கண்ட வெடியைப் பொறுத்தவரை பெரியவர் ஏறத்தாழ 7 மீட்டரும், குழந்தை ஏறத்தாழ 70 மீட்டரும் விலகி இருத்தல் வேண்டும் என இக்கணக்கு காட்டுகின்றது. இங்கு எடுத்துக்கொண்ட 145 டெசிபல் என்பது இந்தியச் சட்டம் ஒற்றை வெடிக்கு அனுமதிக்கும் மேல் எல்லை ஆகும். சிறிய வெடிகளின் ஒலி இதனினும் குறைவாக இருக்கலாம்.

இக்கணக்கு திறந்த வெளிக்கே பொருந்தும். இருபுறமும் சுவர்கள் உள்ள குறுகிய தெருவில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதால், தொலைவுக்கேற்ப அது குறைவது மட்டுப்படுகின்றது.

விடியற்காலையும் ஒலியும்

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று விடியற்காலையிலேயே வெடி வெடிப்பது வழக்கம். அந்நேரத்தில் பக்கத்து ஊர்களின் வெடியோசையும் தெளிவாகக் கேட்பதைப் பலரும் கவனித்திருப்பர். ஊர் அமைதியாக இருப்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் காற்றின் வெப்பநிலை ஆகும். தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்றுச் சற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பமான காற்றில் ஒலி விரைந்து செல்வதால், மேல்நோக்கிச் சென்ற ஒலி அலை வளைந்து மீண்டும் தரையை நோக்கித் திரும்புகின்றது. நண்பகலில் இதற்கு மாறாகத் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து விடுகின்றது. இப்பண்பு ஒலிவிலகல் எனப்படும். ஒளியும் வெப்பக் காற்றில் இவ்வாறே வளைவதால்தான் கோடையில் தார்ச்சாலையின் மேல் கானல்நீர் தோன்றுகின்றது.

ஒளியும் நிறங்களும்

பட்டாசின் ஒளி இரு வழிகளில் உண்டாகின்றது.

* வெப்பத்தால் ஒளிர்தல்: சூடேறிய திண்மத் துகள்கள் தம் வெப்பநிலைக்கு ஏற்ப ஒளிர்கின்றன. கம்பி மத்தாப்பில் இரும்புத் துகள்கள் பொன்னிறப் பொறிகளைத் தருகின்றன. மிகுந்த வெப்பத்தில் எரியும் அலுமினியமும் மக்னீசியமும் வெள்ளொளி தருகின்றன.
* அணு, மூலக்கூறுகளின் ஒளி: சுடரில் ஆற்றலைப் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும் பழைய நிலைக்குத் திரும்பும்போது தமக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை வெளியிடுகின்றன.

நிறங்களுக்குக் காரணமான தனிமங்கள் பின்வருமாறு:

* சிவப்பு: ஸ்ட்ரான்சியம்
* மஞ்சள்: சோடியம், ஏறத்தாழ 589 நானோமீட்டர்
* பச்சை: பேரியம்
* நீலம்: செம்பு

இவற்றுள் நல்ல நீல நிறத்தைப் பெறுவதே கடினமானது. நீல ஒளியைத் தரும் செம்பு குளோரைடு மூலக்கூறு மிகுந்த வெப்பத்தில் சிதைந்து விடுவதும், வெப்பம் குறைந்தால் ஒளி மங்கி விடுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும். சோடியத்தின் மஞ்சள் மிக வலிமையானது. மருந்தில் சிறிதளவு உப்பு கலந்திருந்தாலும் மற்ற நிறங்களை மறைத்து விடும்.

பட்டாசின் ஆற்றலில் ஒரு பகுதி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகின்றது. புஸ்வாணத்தின் அருகே நிற்போர் முகத்தில் உணரும் வெப்பம் பெரும்பாலும் இக்கதிரே ஆகும். மக்னீசியம் எரியும்போது புற ஊதாக் கதிரும் ஓரளவு வெளிப்படுகின்றது.

பயன்கள்

வெடியோசையும் வாண ஒளியும் கொண்டாட்டத்திற்கு மட்டும் அன்றிச் செய்தி அறிவிக்கவும் பயன்படுகின்றன.

* கோயில் திருவிழாக்களில் வேட்டுப் போடுதல், சாமி புறப்பட்டதைச் சுற்று வட்டாரத்திற்கு அறிவிக்கும் பழைய முறை ஆகும். தொலைவில் இருப்போருக்கும், கண்ணுக்கு மறைவான இடத்தில் இருப்போருக்கும் ஒலி சென்று சேர்வது இதன் அடிப்படை.
* அடர்ந்த மூடுபனியில் ஒளிச் சைகை தெரியாதபோது, இந்திய இரயில்வே தண்டவாளத்தின் மீது சிறு வெடிகளை வைக்கின்றது. சக்கரம் ஏறியதும் எழும் ஓசை, சைகைக் கம்பம் அருகில் உள்ளதை ஓட்டுநருக்கு உணர்த்துகின்றது. மூடுபனித் துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒலியின் அலைநீளம் மிகப் பெரிது ஆதலால் அதனை அவை தடுப்பதில்லை.
* கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பல்களும் படகுகளும் சிவப்பு ஒளிவாணங்களை ஏவி உதவி கோருகின்றன.
* மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உழவர்கள் விலங்குகளை விரட்ட வெடி வெடிப்பதுண்டு. விலங்குகள் இதற்குப் பழகிவிடுவதாலும் மிரண்டு ஓடுவதாலும் இதன் பயன் குறுகியதே.

ஏனைய மின்காந்த அலைகளும் இப்பகுதியின் அன்றாட வாழ்விலும் தொழிலிலும் இடம்பெறுகின்றன. வானொலியும் கைப்பேசியும் ரேடியோ அலைகளால் இயங்குகின்றன. அச்சகங்களில் மேலட்டையின் பளபளப்புப் பூச்சை நொடியில் உலரச் செய்யப் புற ஊதா விளக்குகள் பயன்படுகின்றன. மருத்துவமனையில் எலும்பு முறிவைக் காண எக்ஸ் கதிரும், வயிற்றில் வளரும் குழந்தையைக் காண 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட மீயொலியும் பயன்படுகின்றன. இவற்றுள் எக்ஸ் கதிர் அணுக்களை அயனியாக்க வல்லது. ரேடியோ அலை, அகச்சிவப்புக் கதிர் ஆகியவற்றிற்கு அந்த ஆற்றல் இல்லை. மீயொலி மின்காந்த அலையே அன்று, அது ஒலி.

தீங்குகள்

செவிப்புலன் இழப்பு

காதின் உட்பகுதியில் நத்தை எலும்பு எனப்படும் சுருள் வடிவ உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றுபவை இவையே. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

உரத்த ஒலி கேட்கும்போது காதினுள் உள்ள சிறு தசைகள் சுருங்கி, உள்ளே செல்லும் அதிர்வை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் இத்தசைகள் இயங்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். வெடியோசையோ சில மில்லிநொடிகளில் முடிந்து விடுகின்றது. எனவே இயற்கை அளித்த இக்காப்பு பட்டாசுக்கு உதவுவதில்லை.

வெடித்தபின் காது அடைத்தது போல் இருத்தல், காதில் இரைச்சல் கேட்டல் ஆகியவை மயிர்க்கலங்கள் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள் ஆகும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இவை நீங்கி விடும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் காது மருத்துவரை அணுகுதல் வேண்டும். தொடக்கத்தில் 4,000 ஹெர்ட்சை ஒட்டிய உயர் அதிர்வெண் ஒலிகளே கேளாமற் போகின்றன. உயிரெழுத்து ஒலிகள் கேட்கும், 'ச' போன்ற மெய்யொலிகள் தெளிவாகக் கேட்கா. இதனால் பாதிக்கப்பட்டவர், பேசுவது காதில் விழுகின்றது, ஆனால் என்ன சொல் என்பது புரியவில்லை என்பார். பள்ளி செல்லும் குழந்தையிடம் இது கவனக்குறைவு எனத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

அதிர்ச்சி அலை

பெருமளவு மருந்து ஒரே நேரத்தில் வெடித்தால், தொடக்கத்தில் ஒலியை விட விரைந்து செல்லும் அதிர்ச்சி அலை உண்டாகின்றது. சில ஆயிரம் பாஸ்கல் மிகையழுத்தமே கண்ணாடிச் சன்னல்களை உடைக்கப் போதுமானது. ஏறத்தாழ 35,000 பாஸ்கலில் செவிப்பறை கிழியலாம். அதற்கு மேல் ஏறத்தாழ ஓர் இலட்சம் பாஸ்கல் அளவில் நுரையீரல் சேதமடையலாம்.

மருந்தின் எடை 8 மடங்கானால்தான் அதே அழுத்தம் உணரப்படும் தொலைவு 2 மடங்காகும் என்பது வெடிப்பியலின் பொது விதி. மருந்தைச் சிறு சிறு அளவுகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று விலகிய தனி அறைகளில் வைக்க வேண்டும் என்ற விதியின் நோக்கம், ஓர் அறையில் நேரும் வெடிப்பு அடுத்த அறைக்குப் பரவாதிருத்தல் ஆகும். ஓர் அறையில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருத்தலும், குறித்த அளவுக்கு மேல் மருந்து இருத்தலும், மரத்தடியில் வைத்து வேலை செய்தலும் இக்காப்பைப் பயனற்றதாக்கி விடுகின்றன.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் உள்ள பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். முதல் வெடிப்பின் ஓசையைக் கேட்டும் புகையைக் கண்டும் உதவவும் பார்க்கவும் ஓடிச் சென்ற சுற்றுப்புற மக்கள் பலர், அடுத்து நேர்ந்த வெடிப்பில் சிக்கி இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிப்பில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 மே 1 அன்று காரியாபட்டி வட்டத்தில் ஒரு கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்ததில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

நிலைமின், உராய்வு, மின்னல்

வறண்ட காற்றில் செயற்கை இழை ஆடைகள் உராயும்போது நிலைமின்னூட்டம் சேர்கின்றது. அது பொறியாகப் பாய்ந்தால், நுண்ணிய அலுமினியத் தூள் கலந்த மருந்து தீப்பற்றக் கூடும். எனவே தொழிலாளர் பருத்தி ஆடை அணிதலும், அறைக்குள் நுழையும் முன் புவியுடன் இணைந்த உலோகத் தகட்டைத் தொட்டு மின்னூட்டத்தை நீக்குதலும் வேண்டும். உராய்வும் இதே அளவு ஆபத்தானது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வால் எளிதில் வெடிக்கும் என்பதால் அது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

வெயிலில் உலர்த்தும் மருந்து, ஞாயிற்றின் கதிரை உட்கொண்டு சுற்றியுள்ள காற்றை விட மிகுதியாகச் சூடேறும். உலர்த்திய சூட்டோடு மருந்தைக் குவித்து வைத்தல் தீங்கு தரும். வெடிபொருள் கிடங்குகளில் இடிதாங்கி அமைத்தல் கட்டாயம் ஆகும். கல்குவாரிகளில் பயன்படும் மின்வெடிப்பான்களின் கம்பிகள் வானலை வாங்கியைப் போல் செயற்பட்டு, அருகிலுள்ள ஒலிபரப்பியின் ரேடியோ அலையில் இருந்து மின்னோட்டத்தைப் பெறக்கூடும். அங்கு கைப்பேசியையும் கம்பியில்லாக் கருவிகளையும் விலக்கி வைப்பதன் காரணம் இதுவே.

கண்ணும் தோலும்

கம்பி மத்தாப்பின் முனை 1,000 பாகை செல்சியசை எட்டக்கூடும். எரிந்து முடிந்த கம்பியும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். ஒளி விடாத அளவுக்கு ஆறிய கம்பியும் அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கும். அதனைக் கண்ணால் அறிய இயலாது என்பதே வெறுங்காலால் மிதிப்போருக்கு நேரும் இடர். கண் காயங்களில் பெரும்பாலானவை ஒளியால் அன்றித் தெறிக்கும் துகள்களால் உண்டாகின்றன.

பறவைகளும் விலங்குகளும்

நாயின் செவி மனிதருக்குக் கேளாத 45,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையும் உணரும். திடீர் ஓசையால் கூட்டில் உள்ள பறவைகள் முட்டையையும் குஞ்சையும் விட்டுப் பறந்து விடுகின்றன. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வரும் பறவைகளின் பொருட்டுப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

சட்ட வரையறைகள்

* 1999: வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது 145 டெசிபல் (சி) உச்ச அளவைத் தாண்டும் வெடிகளின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவை தடை செய்யப்பட்டன. சரவெடிக்கு இவ்வெல்லை, வெடிகளின் எண்ணிக்கையினுடைய மடக்கையை 5ஆல் பெருக்கி வரும் அளவு குறைக்கப்பட்டது. அதன்படி 100 வெடிகள் கொண்ட சரத்திற்கு 10 டெசிபலும் 1,000 வெடிகள் கொண்ட சரத்திற்கு 15 டெசிபலும் குறையும்.
* 2000: ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகும்.
* 2005: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை வெடிகளை வெடிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.
* 2018: அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் எனப் பிரிக்கப்பட்டது.

பேரியம் நைத்திரேட்டு, பச்சை நிறத்திற்கு மட்டும் அன்றி, உயிர்வளி தரும் பொருளாகவும் பலவகைப் பட்டாசுகளில் பயன்பட்டு வந்தது. எனவே இத்தடை தொழிலைப் பெரிதும் பாதித்தது. 2018 நவம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் ஆலைகள் மூடப்பட்டிருந்தன. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைகளைக் கொண்டு பசுமைப் பட்டாசுகள் 2019 முதல் சந்தைக்கு வந்தன. பசுமைப் பட்டாசு என்பது புகை குறைந்தது என்றே பொருள்படும். அதுவும் வெடியே ஆதலால் ஒலி, வெப்பம் ஆகியவற்றுக்கான முன்காப்புகள் அதற்கும் வேண்டும்.

முன்காப்புகள்

* திறந்த வெளியில் வெடித்தல் நன்று. சுவர்களுக்கு இடையில் ஓசை பெருகும்.
* குழந்தைகளுக்கு ஓசை வெடிகளைத் தவிர்த்து ஒளி தரும் வகைகளைத் தருதல் நன்று.
* காதில் பஞ்சு வைத்தல் சிறிதளவே ஓசையைக் குறைக்கும். சரியாகப் பொருந்தும் காதடைப்பான் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கக் கூடும்.
* எரிந்த மத்தாப்புக் கம்பிகளை நீர் நிரம்பிய வாளியில் இடுதல் வேண்டும்.
* வெடிக்காத வெடியைக் குனிந்து பார்த்தலும் கையில் எடுத்தலும் கூடாது.
* கண்ணில் துகள் பாய்ந்தால் தேய்க்காமலும் அழுத்தாமலும் மூடி உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.
* பட்டாசு ஆலையில் வெடியோசை கேட்டால் அருகில் செல்லாமல் தீயணைப்புத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். முதல் ஓசையே இறுதி ஓசையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இவற்றையும் பார்க்க

* ஒலி
* மின்காந்த அலைகள்
* டெசிபல்
* செவிப்புலன்
* சிவகாசி
* வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்